வேளாத்துறை ஈக்கள்

கிளாரா அந்த ஈயைக் கண்ணாடித் தம்ளரால் கவிழ்த்து மூடினாள். ஓலைப்பாயில் காய்ந்துகொண்டிருந்த நெத்தோலிக் கருவாட்டில், வெள்ளைப் பொடி கூடுதலாக விழுந்திருந்த இடமாகப் பார்த்துத்தான் அது உட்கார்ந்திருந்தது. மூடிய கையோடு மடியிலிருந்த ஜெபமாலையை எடுத்து ஐம்பத்து மூன்று மணி ஜெபத்தைத் தொடங்கினாள். பக்தி ஒன்றும் இல்லை. வீட்டில் கடிகாரம் கிடையாது, அவ்வளவுதான். போன ஆனி மாதம் வரைக்கும் இந்தப் பொடியை மிதித்த ஈ மூன்றாவது தேவரகசியம் முடிவதற்குள் மல்லாந்துவிடும். ஐந்தாவது முடியும்போது கால் ஆட்டுவதும் நின்றுவிடும். இன்றைக்கு ஐந்தும் முடிந்து, மாதா பிரார்த்தனையும் சொல்லி, சிலுவையும் போட்டாகிவிட்டது. தம்ளருக்குள் ஈ மேலே ஏறியது, வழுக்கி விழுந்தது, மறுபடியும் பொடிமேல் நின்று முன்னங்கால் இரண்டையும் சேர்த்துத் தேய்த்துக்கொண்டது. கிளாரா தம்ளரைத் தூக்கினாள். அது பறந்து அடுத்த பாயில் போய் உட்கார்ந்தது.

மற்ற ஊர்களில் ஈ ஓட்டுகிறான் என்றால் வேலையில்லாமல் இருக்கிறான் என்று அர்த்தம். வேளாத்துறையில் அதுதான் வேலை. மணவாளக்குறிச்சிக்குத் தெற்கே, கருமணல் கரையில் அறுபது குடிசை. ஆண்கள் கொண்டுவரும் மீனில் சந்தைக்குப் போகாததெல்லாம் பெண்கள் கைக்கு வரும். கழுவி, உப்புப் பிடிக்க வைத்து, வெயிலில் பரப்பி, உலரும்வரை பக்கத்தில் உட்கார்ந்து விசிற வேண்டும். மீன் அதிகம் படுவது ஆனி ஆடிச் சாரலில். வெயில் ஒரு நாழிகை அடித்தால் மழை இரண்டு நாழிகை பெய்யும். ஈரம் காயாத மீனை ஈ மொய்த்தால் மறுநாள் புழு நெளியும். அப்புறம் அது தென்னைக்கு உரம்.

கிளாராவுக்கு ஈயின்மேல் இருந்தது கருவாட்டுப் பகை மட்டும் அல்ல. அவள் பெற்றது மூன்று. முதல் இரண்டும் ஒரே ஆடி மாதத்தில், ஒன்பது நாள் இடைவெளியில், வயிற்றாலே போய் வாந்தி எடுத்துச் செத்தன. கோட்டாற்றிலிருந்து வந்த டாக்டர் குழந்தையைத் தொட்டுப் பார்க்கும் முன்பே, அதன் உதட்டோரம் உட்கார்ந்திருந்த ஈக்களைப் பார்த்துவிட்டு, "இதுகதான் கொண்டுவந்திருக்கு" என்றார். அந்த ஒரு வாக்கியம் அவளுக்குள் அப்படியே தங்கிவிட்டது. மூன்றாவதாகப் பிறந்த லீமாவை இரண்டு வயதுவரை வலைத்துணிக்குள்ளேயே வளர்த்தாள். ஊர் சிரித்தது. சிரிக்கட்டும் என்று விட்டாள். லீமா தங்கினாள்.

பொடி வீட்டுக்கு வந்தது ஐம்பத்து மூன்றாம் வருஷம். அவள் புருஷன் சிலுவைதாசன் கட்டுமரத்திலிருந்து விழுந்து தோள் எலும்பு பிசகியவன். துடுப்புப் பிடிக்க முடியாதவனுக்குக் கோவில் சாமியார் சிபாரிசில் ஒரு அரசாங்க வேலை கிடைத்தது. கொசுவால் வரும் மலைக்காய்ச்சலை ஒழிப்பதற்காகக் குலசேகரம் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டுகளில் வீடு வீடாகப் போய்ச் சுவரில் மருந்து அடிக்கும் கூட்டத்தில் ஒருவன். சனிக்கிழமை வருவான், திங்கள்கிழமை விடியுமுன் போவான். ஒரு சனிக்கிழமை பழைய டால்டா டின் ஒன்றில் வெள்ளைப் பொடி கொண்டுவந்தான். மூட்டைப்பூச்சிக்கு என்று கட்டில் கயிற்றில் தூவினான். மறுநாள் காலையில் கட்டிலடியில் மூட்டைப்பூச்சியோடு ஈயும் சேர்ந்து செத்துக் கிடந்தது. கிளாரா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு நின்றவள், கூட்டிப் பெருக்காமல் அந்த ஈக்களைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அவ்வளவு சந்தோஷம் கல்யாணத்தன்றுகூட இருந்ததா என்று சொல்ல முடியாது.

"மீன்ல போட்டா என்ன?" என்று கேட்டாள்.

சிலுவைதாசன் யோசித்தான். "ஏட்டி, ஒண்ணும் ஆவாது. எஸ்டேட் லயத்துக்காரங்க பேடிச்சு வீட்டுக்குள்ள விடமாட்டேன்னு நிண்ணாங்க. எங்க மேஸ்திரி எல்லாருக்க முன்னாலயும் ஒரு நுள்ளு எடுத்து வாயில போட்டு வெள்ளம் குடிச்சான். பொறவு பீடி பத்தவச்சான். பூச்சிக்குத்தான் இது விஷம்."

அப்படித்தான் ஆரம்பித்தது. உப்போடு உப்பாக, லீமாவுக்குக்கூடத் தெரியாமல், ஒரு பாய்க்கு ஒரு கைப்பிடி. அந்த வருஷம் சாரலில் ஊர் முழுக்கப் புழு வைத்தபோது கிளாராவின் பாயில் ஒரு புழு இல்லை. தக்கலையிலிருந்து வரும் கருவாட்டு வியாபாரி ஜெயசிங் அவள் கருவாட்டுக் கட்டை மூன்று இடத்தில் பிரித்துப் பார்த்துவிட்டு, நாலாவது இடத்தைப் பார்க்காமல் தூக்கி வண்டியில் வைத்தான். அடையாளத்துக்கு லீமாவின் பழைய சிவப்புப் பாவாடையைக் கிழித்து, கட்டுக்கு ஒரு துண்டு வீதம் முடிச்சுப் போட்டாள். "சிவப்புத்துணி இருந்தா நான் அவுத்துப் பாக்கதே இல்ல கிளாராக்கா" என்பான் அவன். லீமாவின் கல்யாணம் நடந்தது அந்தச் சிவப்புத்துணியால்தான் என்று சொன்னால் தப்பில்லை. மாப்பிள்ளை ததேயுஸ் கடல் வேலை வேண்டாமென்று குலசேகரத்தில் ரப்பர் ஷீட்டைப் புகையில் உலர்த்தும் கொட்டகைக்கு வேலைக்குப் போனவன். நல்ல பையன். மலைப் பக்கம் போனதால் குடிக்கக் கற்றுக்கொள்ளாதவன்.

ஆனால் வீட்டுச் சமையலுக்கான கருவாட்டில் கிளாரா பொடி போடவில்லை. அதைத் தனியாக உப்பிட்டு, அடுப்புக்கு மேலே கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டாள். புகையில் காய்ந்தால் ஈ வராது. "இது என்னத்துக்குத் தனியா?" என்று கல்யாணத்துக்கு முன்பு லீமா கேட்டபோது, "விக்கது விக்கதுதான், தின்னது தின்னதுதான்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மேஸ்திரி தின்று காட்டியிருக்கிறார், அவர் பீடி குடித்துக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறார். இருந்தும் அவளால் தன் சட்டியில் அதைப் போட முடியவில்லை. ஏன் என்று அவள் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டால் பதில் சொல்ல வேண்டிவரும்.

ஊரில் எந்த ரகசியம் நின்றிருக்கிறது? அடுத்த வருஷம் நாலு பெண்கள் வந்து திண்டாட்டம் சொன்னார்கள், கிளாரா தலைக்கு ஒரு சிரட்டைப் பொடி கொடுத்தாள். அந்த நாலு பேர் வழியாக அது எட்டானது. சிலுவைதாசனின் கூட்டத்தில் இருந்த இன்னொருவனும் டின் கொண்டுவரத் தொடங்கினான். ஐம்பத்தைந்தாம் வருஷம் ஆனி பிறந்தபோது வேளாத்துறைக் கருமணலில் விரித்த பாய்களில் பாதிக்குமேல் வெளுத்துத்தான் கிடந்தன. அப்போதுதான் ஈ சாகாமல் போயிற்று. ஒரு கைப்பிடி போட்ட இடத்தில் இரண்டு கைப்பிடி போட்டாள், பிறகு மூன்று. முதல் நாளைக்குக் கொஞ்சம் சாகும். மறுநாள் மொய்ப்பதைப் பார்த்தால் செத்ததெல்லாம் எழுந்து வந்துவிட்டதோ என்று தோன்றும். பொடி போடாவிட்டால் புழு. போட்டால் ஏதோ கொஞ்சமாவது குறைச்சல். நிறுத்த முடியவில்லை.

தம்ளரைக் கவிழ்த்த அன்றைக்கு மத்தியானம் கால்சட்டை போட்ட ஒருவர் மணலில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். தூரத்தில் பார்த்ததுமே கிளாரா ஓலைக் கிடுகை இழுத்துப் பாய்களை மூடினாள். மழை வருகிற மாதிரி இருந்ததால் அது யாருக்கும் வித்தியாசமாகத் தெரியாது. வந்தவர் தோளில் ஒரு துணிப்பை, கையில் நீளக் காம்புள்ள வலை. பெயர் நாராயணபெருமாள், நாகர்கோவில், மலைக்காய்ச்சல் வேலையில் பூச்சிகளைச் சோதித்துப் பார்ப்பவர் என்று அவரே சொன்னார். முப்பது வயதிருக்கும். அதற்குள் நெற்றி மேலேறியிருந்தது.

"பேடிக்காதீங்க. ஈ பிடிக்க வந்தேன், அவ்வளவுதான்."

"ஈயா?"

"மருந்து அடிச்ச ஊர்லெல்லாம் ஈ சாவ மாட்டேங்கு. கொசுவுக்குத்தான் அடிக்கோம், ஈயும் சேர்ந்து சாகும்னு ஜனங்க நினைச்சிருந்தாங்க. இப்ப, ஈயே சாகாத மருந்து என்னத்துக்குன்னு கதவை அடைக்காங்க. அதான் ஒத்துப் பாக்கணும். மருந்தே படாத ஊர் ஈ கொஞ்சம் வேணும். லிஸ்ட்டைப் பாத்தேன், வேளாத்துறைப் பக்கம் எங்க ஆளு எட்டிக்கூடப் பாக்கல்ல."

கிளாராவுக்கு இங்கே வேண்டாம், வேறு ஊருக்குப் போங்கள் என்று சொல்ல வாய் வந்தது. ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? அவர் அரிக்கேன் விளக்குச் சிம்னி நாலைந்தை வரிசையாக எடுத்து வைத்தார். ஒவ்வொன்றின் அடியிலும் மல் துணி கட்டியிருந்தது. வலையை இரண்டு வீச்சு வீசி, சிம்னிக்குள் தட்டி, மேல்வாயையும் துணியால் கட்டினார். கண்ணாடிக்குள் ஈக்கள் மேலும் கீழும் அலைந்தன. படித்த படிப்புக்கு ஈ பிடிக்க வந்திருக்கிறாரே என்று பக்கத்துக் குடிசைப் பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். கிளாராவுக்குச் சிரிப்பு வரவில்லை. கிடுகுக்கு வெளியே ஒரு மீன் தெறித்துக் கிடந்தது. அவர் குனிந்து அதைப் பார்த்தார்.

"உப்பு நல்லா போடுவியளோ?"

"உப்பில்லாம கருவாடா சாரே?"

அவர் தலையாட்டினார். சிம்னிகளைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

லீமா அடுத்த வாரம் வந்தாள். ஏழாம் மாதம். ததேயுஸ் மணவாளக்குறிச்சிவரை பஸ்ஸிலும் பிறகு வில்வண்டியிலுமாகக் கொண்டுவந்து விட்டுவிட்டு, லீவு இல்லை என்று அன்றைக்கே திரும்பினான். மலைக் காற்றில் பெண் கொஞ்சம் வெளுத்திருந்தாள், முகம் வட்டமாகியிருந்தது. கிளாரா அவளை உட்காரவைத்து எண்ணெய் தேய்த்தாள். கை வயிற்றில் படும்போதெல்லாம் மனசுக்குள் மாதாவை ஒரு தடவை கூப்பிட்டாள். எதையோ நன்றாகத்தான் செய்திருக்கிறோம் என்று பல வருஷத்துக்குப் பிறகு அவளுக்குத் தோன்றியது.

"அங்க வீட்ட நெனச்சுக் கரைஞ்சியா மக்கா?"

"மொதல்ல ரெண்டு நாள் கரைஞ்சேன். பொறவு ஒரு நாள் குலசேகரம் சந்தைக்குப் போனேன் அம்மோ. அங்க ஜெயசிங் அண்ணாச்சிக்க கருவாடு வருது. அடுக்கி வச்ச கட்டுல ஒண்ணு சிவப்புத்துணி. எனக்க பாவாடை! பூப்போட்ட கரைகூட அப்பிடியே இருக்கு." லீமா சிரித்தாள். "கடைக்காரன்ட்ட சொன்னேன், இது எனக்க அம்மைக்க கையின்னு. அண்ணையில இருந்து அந்தக் கட்டு வந்தா அவன் எனக்குன்னு எடுத்து வச்சிருவான். வாரத்துக்கு ஒண்ணு. மசக்கையில சோறு கண்டாலே ஓக்காளம் வந்தப்பகூட அது மட்டும் எறங்கிச்சு."

கிளாராவின் கை நின்றுவிட்டது. எண்ணெய் விரலிடுக்கில் வழிந்து லீமாவின் தோளில் சொட்டியது.

"கழுவித்தானேட்டி ஆக்குவ?"

"ரெண்டு தண்ணி. அதுக்கு மேல கழுவினா உப்பு போயிராதா? பொறவு என்ன ருசி?"

சனிக்கிழமை சிலுவைதாசன் வந்ததும் வீட்டுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னாள். அவன் தோள் வலிக்கும்போது செய்கிற மாதிரி இடது கையால் வலது தோளைப் பிடித்துக்கொண்டான். "ஒரு வருசம் தின்னிருக்கா. நல்லாத்தானே இருக்கா?" என்றான். அது கேள்வியா பதிலா என்று அவளுக்குப் புரியவில்லை. லீமாவிடம் சொல்லிவிடட்டுமா, அவள் ததேயுஸிடமாவது சொல்லி இனி வாங்காமல் இருக்கட்டுமே என்று கேட்டாள். அவனுக்குக் கோபம் வந்தது. "அவகிட்ட சொன்னா அவ மாமியாருக்குத் தெரியும். மாமியாருக்குத் தெரிஞ்சா எஸ்டேட்டுக்குத் தெரியும். எனக்க வேலை போவும், கள்ளன்னு உள்ள வைப்பான். அது போவட்டும். பொறவு ஒருத்தனாவது இந்தக் கரைக் கருவாட்ட வாங்குவானா? அறுவது குடும்பம்டி. எனக்க வாயக் கிளறாத." அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. தப்பான பேச்சாக இருந்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். அவன் டின்னை அடுப்புப் பரணில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனான்.

மறுநாள் பூசைக்கு முன்னால் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் போய் முழங்காலிட்டாள். பத்துக் கட்டளையையும் முந்தின நாளே மனசில் ஓட்டிப் பார்த்திருந்தாள். களவு உண்டு, ஆனால் எடுத்தது அவள் இல்லை. பொய் உண்டு, ஆனால் யாரும் கேட்கவில்லை. கொலை செய்யாதே என்பதற்குப் பக்கத்தில் வந்ததும் மனசு வேகமாகத் தாண்டிப் போனது. வலைத்தட்டிக்கு அந்தப் பக்கம் சாமியார் காத்திருந்தார்.

"சாமி, நான் விக்கிற கருவாட்டுல ஒரு பொடி போடுதேன்."

"என்ன பொடி? உப்பா?"

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். "உப்பு மாதிரி" என்றாள்.

"எடை கூடணும்னா?"

"இல்ல சாமி. கெடாம இருக்க."

சாமியார், வியாபாரத்தில் நேர்மை வேண்டும் மகளே என்று சொல்லி, மூன்று பிரியதத்த மந்திரம் அபராதம் கொடுத்தார். கிளாரா முப்பது சொன்னாள். கணக்கு எங்கும் தீரவில்லை. வெளியே வந்தபோது கோவில் வாசலில் நின்ற பெண்கள், மகள் வந்திருக்கிறாளாமே, ஆம்பளப் பிள்ளையா இருக்கும், வயிறு கூராக இருக்கிறது என்றார்கள். அவள் எல்லோருக்கும் சிரித்தாள்.

அதிலிருந்து லீமாவின் சாப்பாட்டை அவளே பார்த்துப் போட்டாள். பச்சை மீன் கிடைக்காத நாளில் அடுப்புக்கு மேலே தொங்கிய வீட்டுக் கருவாடு மட்டும். மகளைப் பாய்ப்பக்கம் விடவில்லை. வெயில் ஆகாது, நாற்றம் ஆகாது என்று ஏதாவது சொன்னாள். தான் மட்டும் காலையில் பொடி தூவினாள், கையை மூன்று தடவை சாம்பல் போட்டுக் கழுவினாள், பிறகு மகளுக்குத் தலை வாரினாள். சிவப்புத்துணி முடிச்சுப் போடுவதை நிறுத்தினாள். ஜெயசிங் கேட்டபோது துணி தீர்ந்துவிட்டது என்றாள். "அடையாளம் இல்லாம நான் எப்பிடி விக்கது?" என்று அவனே எங்கிருந்தோ ஒரு சிவப்புத் துண்டை வாங்கிக்கொண்டு வந்து, கீறிக் கட்டினான்.

ஆடி பிறந்து நாலாம் நாள் நாராயணபெருமாள் மறுபடியும் வந்தார். இந்தத் தடவை வலை இல்லை. ஒரே ஒரு சிம்னி மட்டும் கையில் இருந்தது, உள்ளே பத்துப் பன்னிரண்டு ஈக்கள். குடிசை வாசலில் மரக்கட்டையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வேளாவேளைக்குச் சாப்பிடாதவர் என்று முகத்திலேயே தெரிந்தது.

"இது உங்க முற்றத்து ஈக்க பேரப்பிள்ளைக" என்றார் சிம்னியைக் காட்டி. "பொடிக்கு மேல ஒரு நாள் முழுக்க விட்டு வச்சேன். சாகல்ல. மருந்தடிச்ச ஊர் ஈகூட நூத்துக்கு முப்பது செத்துது. இது நாலு. எங்க மேலதிகாரி நான் எழுதினதைப் பாத்துட்டு, நீ சிம்னிய மாத்தி வச்சிட்டன்னு சொல்லுதாரு."

கிளாரா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே லீமா அடுப்பில் எதையோ சுடும் மணம் வந்தது.

"எப்பிடி சாரே சாவாம இருக்கு?"

கேட்க ஆள் கிடைத்ததே அவருக்குப் பெரிய விஷயமாக இருந்திருக்க வேண்டும். குரல் மாறியது. "அதுக்க உடம்புக்குள்ள ஒரு சாதனம் இருக்கும்மா. பதனி இறக்குத கலயத்துல சுண்ணாம்பு தடவாம விட்டா என்ன ஆவும்? கள்ளாயிரும். யாரு மாத்தினா? கண்ணுக்குத் தெரியாத ஒண்ணு உள்ள இருந்து மாத்துது. அது மாதிரிதான். மருந்து ஈக்குள்ள போனதும், அது அந்த மருந்துல இருந்து ஒரு துண்டை உருவி எறிஞ்சிருது. பொறவு அது மருந்தில்ல, வெறும் பொடி. அமெரிக்காவுல கண்டுபிடிச்சு எழுதியிருக்கான். ஆதியிலயே ஆயிரத்துல ஒரு ஈக்கு அது கூடுதலா இருந்திருக்கும். மத்ததெல்லாம் மருந்துல செத்துப்போச்சு. தப்பினதுக்க பிள்ளைகதான் இப்ப நிக்கதெல்லாம்." சிம்னியை விரலால் தட்டினார். "ஆனா, அதுக்கு வருசக்கணக்கா மருந்து பட்டிருக்கணும். இந்த ஊர்லதான் நாங்க அடிக்கவே இல்லியே. அதுதான் எனக்குத் தலை வெடிக்கு."

அவர் அவளைப் பார்க்கவில்லை, கருமணலைப் பார்த்துத்தான் பேசினார். கிளாராவுக்குத் தெரியும், இந்த ஒரு கேள்விக்குப் பதில் தன்னிடம் பரணில் இருக்கிறது. ஆனால் அவள் வாயில் வந்தது வேறு கேள்வி. மூன்று வாரமாக உள்ளே கிடந்த பயம் அதில் இருந்தது.

"மனுசனுக்கு அது உண்டுமா சாரே?"

"எது?"

"அந்த... உருவி எறியுதது."

அவர் தெரியாததைத் தெரியும் என்று சொல்லும் ஆள் இல்லை போலும். "ஏதோ கொஞ்சம் இருக்கும். ஈ அளவுக்கு இல்ல. இந்த மருந்து தண்ணியில கரையாது, நெய்யிலதான் கரையும். அதனால நமக்குள்ள போனா கொழுப்புல போய் ஒதுங்கிக் கிடக்கும்னு எழுதியிருக்கான். கொஞ்சமா போனா ஒண்ணும் செய்யாதுன்னும் எழுதியிருக்கான். எவ்வளவு கொஞ்சம்னுதான் எழுதல்ல."

"கிடந்து?"

"பசுவுக்குக் குடுத்துப் பாத்திருக்கான். பால்ல வந்திருக்கு."

கிளாரா நிலையை விட்டுவிட்டுக் கீழே உட்கார்ந்தாள். கடல் இரைந்தது. பாலில் என்ற ஒரு சொல்லைத் தவிர வேறு எதுவும் தலைக்குள் நிற்கவில்லை. இரண்டு தண்ணி கழுவினேன் என்று லீமா சொன்னது நினைவுக்கு வந்தது. கழுவ முடியாத ஒன்றைத் தன் கையால் முடிச்சுப் போட்டு, அடையாளத் துணியும் கட்டி, வாரம் தவறாமல் மகளுக்கு அனுப்பியிருக்கிறாள். ஈயிடமிருந்து காப்பாற்றி வளர்த்த மகளுக்கு.

லீமா வெளியே வந்தாள். ஒரு கையில் பீங்கான் தட்டில் கஞ்சி, ஓரத்தில் சுட்ட நெத்தோலி. இன்னொரு கையில் தனக்கும் ஒரு சிறிய தட்டு. வந்தவருக்குச் சாப்பாடு கொடுக்காமல் அனுப்பக் கூடாது என்பதை எஸ்டேட் லயத்தில் படித்திருந்தாள். அவர் வேண்டாம் என்று சொல்வார் என்று கிளாரா ஒரு கணம் நம்பினாள். மேல்சாதிக்காரராக இருந்தாலாவது மறுத்திருப்பார். அவரோ கையைக் கழுவிக்கொண்டு, "எங்க வீட்லயும் கருவாடு இல்லாம கஞ்சி இறங்காது" என்று தட்டை வாங்கிக்கொண்டார். லீமா வயிற்றைப் பிடித்தபடி மெல்ல மணலில் உட்கார்ந்து தன் தட்டை மடியில் வைத்துக்கொண்டாள்.

கிளாரா மூக்கைத் தூக்கினாள். அடுப்புக்கு மேலே தொங்கிய கருவாட்டுக்கு ஒரு புகைமணம் உண்டு. இதில் அது இல்லை.

"ஏட்டி, இது எங்கருந்து எடுத்த?"

"கோவிச்சுக்காத அம்மோ. வீட்டுக் கருவாட்டுல அந்த ருசி இல்ல. மலையில தின்னு பழகிட்டு. பாயில இருந்து ஒரு கை அள்ளினேன்." சொல்லிக்கொண்டே ஒரு மீனை வாலைப் பிடித்துத் தூக்கினாள். தீ சரியாகப் படாத வயிற்று மடிப்பில் வெள்ளையாக ஒட்டியிருந்தது.

அது எப்படி நடந்தது என்று பிறகு யோசித்தாலும் கிளாராவுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. அவள் கை ஓங்கியது. லீமாவின் விரலில் இருந்த மீன் தெறித்து விழுந்தது, மடியிலிருந்த தட்டும் கவிழ்ந்து கஞ்சி மணலில் ஓடியது. திரும்பியபோது நாராயணபெருமாள் பிய்த்த மீனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். அவள் அவர் கையிலிருந்து தட்டைப் பிடுங்கினாள். அரசாங்க ஆள் கையிலிருந்து. அந்த மீனையும் விரலால் தட்டிவிட்டாள். சொல்ல இருந்த வார்த்தை எல்லாம் அந்தக் கையோடு போய்விட்டது.

பக்கத்துப் பாய்களில் விசிறிக்கொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். நாராயணபெருமாள் தன் விரல் நுனியில் ஒட்டியிருந்த வெளுப்பைப் பார்த்தார். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மோந்து பார்த்தார். அந்த மணம் அவருக்குத் தினமும் பழகியதுதான். பிறகு தலையைத் தூக்கி, முற்றத்துப் பாயை, அதற்கு அப்பால் இருந்த பாயை, கரை நெடுகக் கருமணலின் மேல், உப்பு என்று அவர் நினைத்திருந்த வெளுப்போடு கிடந்த அத்தனை பாய்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார். பையிலிருந்து நோட்டையும் பென்சிலையும் எடுத்தார். நோட்டை விரித்தார். பென்சில் காகிதத்தில் படாமல் நின்றது.

லீமா தன் கையைத் தேய்த்துக்கொண்டு அம்மாவின் முகத்தையே பார்த்தாள். அடி வலியைவிட ஆச்சரியம்தான் அவள் கண்ணில் இருந்தது.

"என்னத்துக்கு அம்மோ? ஒரு வருசமா தின்னதுதானே?"

கட்டைக்குப் பக்கத்தில் சிம்னி சாய்ந்து கிடந்தது. துணி கட்டு அவிழவில்லை; உள்ளே ஈக்கள் கண்ணாடியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. வெளியே, லீமாவின் காலடியில் விழுந்த மீனின் மேல் ஒரு ஈ வந்து உட்கார்ந்தது. வெள்ளையில் நாலு எட்டு நடந்து, நின்று, முன்னங்கால் இரண்டையும் சேர்த்துத் தேய்த்தது. அதை ஓட்ட யாரும் கை ஓங்கவில்லை.